ஐந்தாம் நம்பர் டோக்கன்

கீழ்த்தளத்தில், வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மயில் பச்சை நிறத்தில் ஒரு கவுனை மாட்டிவைத்தார்கள். கழுத்து மூடியது, கை நீளமானது, இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று சின்னப் பட்டன்கள். வேலைக்கு வந்த டோக்கன் அக்கா அதைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் தோளில் இடித்துக்கொண்டு போனது கூட அவளுக்கு உறைக்கவில்லை.

"என்னக்கா, வாங்கப் போறியா? உன் வீட்டை வித்தாலும் ஒத்தைக் கைதான் குடுப்பாங்க" என்றாள் கூட வந்த மடிப்புக்காரி. மூன்றாம் மாடியில் ஜனங்கள் கலைத்துப் போட்டதையெல்லாம் மடித்து அடுக்குவது அவள் வேலை. வாய் மட்டும் எதையும் மடித்துவைக்காது.

டோக்கன் அக்கா சிரிக்கவில்லை. "மூணு வாரம். மூணு வாரத்துல மேல வந்துடும்" என்றாள்.

அந்தக் கடையின் சங்கதி அது. ஆறு மாடி. கீழ்த்தளம் டிசைனர் துணிக்கு. ஒரு ஸ்டாண்டுக்கு ஒரே ஒரு உடுப்பு தொங்கும். விலைச்சீட்டை உள்பக்கமாக மடித்து வைத்திருப்பார்கள். தொட்டுப் பார்க்கிறவர்களை விடத் தொடாமல் பெருமூச்சு விடுகிறவர்களே அதிகம். மூன்றாம் மாடி எல்லாருக்குமானது. கீழே ஒரு உடுப்பு வந்தால், மூன்று வாரத்துக்குள் அதே வெட்டு, அதே நிறம், கொஞ்சம் மட்டமான துணியில், நூறு நூற்றைம்பது உருப்படியாக மூன்றாம் மாடிக்கு வந்து இறங்கிவிடும். "கீழ இருக்கறது அக்கா, மேல இருக்கறது தங்கச்சி. முகம் ஒண்ணுதான், வாழ்க்கைப்பட்ட இடம்தான் வேற" என்று ஒருத்தி சொல்வாள். அப்படிச் சொன்னவள் இவளுடைய சொந்தத் தங்கை. செத்துப் பதினொரு வருஷம் ஆகிறது.

அவர்கள் அப்பாவுக்கு மொத்தம் ஆறு பிள்ளைகள். இரண்டு பிறந்ததுமே போயிற்று, இரண்டு ஒரே காய்ச்சலில் போயிற்று. மிஞ்சியது தலைச்சனும் கடைக்குட்டியும். இடையில் பன்னிரண்டு வயசு வித்தியாசம். சின்னவளுக்கு நாலு வயசு முடியும் முன்னே அம்மாவும் கண்ணை மூடிவிட்டாள். அதற்குப் பிறகு குளிப்பாட்டியது, தலை வாரியது, பள்ளிக்கூடச் சட்டை மாட்டியது எல்லாம் அக்காதான். முழுக்கைச் சட்டை அந்தப் பள்ளிக்கூடத்தில். இடது கைப் பட்டனைச் சின்னவள் தானே போட்டுக்கொள்வாள். வலது கைப் பட்டன் அவளுக்கு வராது. கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். அக்கா அடுப்படியில் இருந்தாலும் சரி, குழாயடியில் இருந்தாலும் சரி, வந்து போட்டுவிட்டுப் போக வேண்டும். கல்யாணமாகி ஒரு பிள்ளை பெற்ற பிறகும் கையை நீட்டுகிற பழக்கம் போகவில்லை.

அந்தக் கடையில் லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவர் சொல்லித்தான் பெரியவளுக்கு மூன்றாம் மாடி டிரையல் ரூமில் வேலை கிடைத்தது. எட்டு அறை, எட்டுத் திரை. வாசலில் ஒரு சின்ன மேசை. எத்தனை துணி உள்ளே போகிறதோ அந்த நம்பர் போட்ட பிளாஸ்டிக் அட்டையைக் கையில் கொடுக்க வேண்டும். வெளியே வரும்போது அட்டையை வாங்கித் துணியை எண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த அட்டைக்கு டோக்கன் என்று பெயர், அவளுக்கு டோக்கன் அக்கா என்று பெயர். நகரும் படியில் ஒருத்தியின் தலை தெரியும்போதே அவளுக்கு எந்த அளவு என்று சொல்லிவிடுவாள். "எம் எடுத்திருக்கே, எல் எடும்மா, தோள்ல பிடிக்கும்" என்பாள். அவள் சொன்னது தப்பியதில்லை.

கடையில் ஒரு விதி உண்டு. முன்பு சட்டைப் பகுதியில் இருந்த ஒருவன், தன் மச்சினனுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சட்டை மாட்டி அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து, வேலையாளின் சொந்தக்காரர் வந்தால் அந்த வேலையாள் கவனிக்கக் கூடாது, வேறு ஆளைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். தள்ளுபடி நாளில் வேறு ஆளுக்கு எங்கே போவது? அதனால் எல்லாரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தெரியாதவர்கள் மாதிரி நடந்துகொள்வது. கட்டின புருஷனை "என்ன சார் வேணும்?" என்று கேட்ட பெண்கள் அந்தக் கடையில் இருந்தார்கள்.

சின்னவளுக்கு அந்த நாடகம் ரொம்பப் பிடிக்கும். மாசத்துக்கு ஒருமுறையாவது வருவாள். மூக்கை நிமிர்த்திக்கொண்டு, "மேடம், இது எனக்கு நல்லா இருக்குமா?" என்பாள்.

"எங்க வேலை எண்ணுறது மட்டும்தான் மேடம்."

"நல்லா எண்ணுங்க மேடம். உங்களைப் பாத்தா படிச்ச மாதிரி தெரியலையே."

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அவள் கடைசியாக வந்த அன்றைக்குத் தள்ளுபடியின் கடைசி நாள். வரிசை நகரும் படி வரைக்கும் நின்றது. சின்னவள் ஐந்து துணியோடு வந்தாள். அதில் ஒன்று மயில் பச்சைக் கவுன். மூன்று வாரமாகக் கீழே கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து, மேலே வருமென்று காத்திருந்தது. பெரியவள் ஐந்தாம் நம்பர் டோக்கனைக் கொடுத்தாள். ஏழாம் அறை காலியாக இருந்தது. "தேங்க்ஸ் மேடம்" என்று கண்ணடித்துவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அக்கா."

பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றிருந்தார். சின்னவள் வேண்டுமென்றே தன்னை மாட்டிவிடுகிறாள் என்று நினைத்தாள்.

"அக்கா, கொஞ்சம் வாயேன்."

"மேடம், கொஞ்சம் பொறுங்க. ஆள் நிறைய இருக்காங்க இல்ல?" என்று கடைக் குரலில் சொன்னாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மூன்றாவது தடவை குரல் தாழ்ந்து வந்தது. "அக்கா." அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இவள் எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று உள்ளே, மூன்று வெளியே. நான்கு உள்ளே, நான்கு வெளியே. பத்தொன்பது பேர் போய் வந்தார்கள். இருபதாவதாக நின்ற ஒரு அம்மாள், "அந்த ஏழாம் நம்பர்ல இருக்கறவ அங்கேயே குடித்தனம் பண்றாளா?" என்று கேட்ட பிறகுதான் போய்த் திரையை விலக்கினாள்.

சின்னவள் தன் சொந்த உடுப்பில் இருந்தாள். முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள். ஐந்து துணியும் ஹேங்கரில் ஒழுங்காக மாட்டி இருந்தன. டோக்கன் கையில் இருந்தது.

ஆட்கள் ஓடி வந்தார்கள், தூக்கினார்கள். அந்த அமளியில் பெரியவளுடைய கைகள் என்ன செய்தன தெரியுமா? ஐந்து துணியையும் எண்ணின. கணக்குச் சரி என்று வெளியே ஸ்டாண்டில் கொண்டுபோய் மாட்டின. மயில் பச்சைக் கவுனை மாட்டும்போது, வலது மணிக்கட்டில் நடுப் பட்டன் நூல் விட்டுத் தொங்குவதைக் கூடக் கண் பார்த்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தன் தங்கை என்பதே நினைவுக்கு வந்தது போல அலறிக்கொண்டு படியில் ஓடினாள். சாயங்காலத்துக்குள் அந்தக் கவுன் விற்றுப் போயிற்று.

தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். "எப்ப ஆரம்பிச்சுது? யாரையாவது கூப்பிட்டாங்களா?" என்று கேட்டார் டாக்டர். சூப்பர்வைசர் பார்த்தார்; எட்டுத் திரையிலிருந்தும் அக்கா, அக்கா என்று கேட்கிற இடத்தில் எந்தக் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. தங்கை வீட்டுக்காரர் பார்த்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வயசுப் பெண் குழந்தை பார்த்தது.

"இல்ல. கூப்பிடவே இல்ல" என்றாள் பெரியவள்.

ஒரு சொல்தான். டாக்டர் எழுதிக்கொண்டார். தங்கை வீட்டுக்காரர் அதையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டார். வந்தவர் போனவரிடமெல்லாம், "கூப்பிடக் கூட நேரம் இல்லாம போயிட்டா. கஷ்டப்படல. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்" என்றார். அந்த ஆறுதலைப் பிடுங்க யாருக்கு மனசு வரும்? அப்படித்தான் அது ஊறிப்போனது. ஓடி வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் கூப்பிட்டதைச் சொல்ல வேண்டியிருக்கும். கேட்கவில்லை.

மறுபடி வேலைக்கு வந்தபோது ஐந்தாம் நம்பர் டோக்கன்களை எடுத்து மேசை இழுப்பறையின் அடியில் போட்டாள். தங்கை கையில் இருந்த அந்த ஒன்றைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். யார் ஐந்து துணி கொண்டுவந்தாலும், "நாலுதான் விடுவோம்" என்றாள். முன்பு ஆறு வரைக்கும் விட்ட இடம் அது. அடுத்து வந்த சூப்பர்வைசர் அதுதான் விதி என்று நினைத்து, 'நான்கு உடைகள் மட்டும்' என்று பலகையே அடித்து மாட்டிவிட்டார். பதினொரு வருஷமாக அந்த நகரத்துப் பெண்கள் ஐந்தாவதை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

விதி போட்டு மனசை அடக்க முடிந்ததா? ஏழாம் திரைக்குப் பின்னால் யார் அசைந்தாலும் இவளுக்குக் காது விறைத்துக்கொள்ளும். ஆள் இல்லாத நேரத்திலும் அந்த முக்காலி நகரும் சத்தம் கேட்கும். தெருவில், பஸ்ஸில், மயில் பச்சை எங்கே தெரிந்தாலும் கண் நேராக வலது மணிக்கட்டுக்குப் போகும். நாலாவது வருஷம் பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி அந்தக் கவுனைப் போட்டு நின்றாள். இவள் அவள் பின்னாலேயே இரண்டு தெரு நடந்தாள். அவள் திரும்பி, "என்னம்மா வேணும்? எதுக்கு என் பின்னாலயே வரீங்க?" என்று கேட்டாள்.

"பட்டன்..." என்றாள் இவள்.

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். நடுப் பட்டன் கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. "வாங்கும்போதே பிஞ்சு தொங்கிச்சு. நான்தான் தச்சேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். இவள் வந்த வழியே திரும்பி ஓடினாள்.

இப்போது அதே வெட்டு, அதே நிறம், கண்ணாடிக்குள் மறுபடி வந்து நிற்கிறது. பேஷன் என்பதே சுற்றிச் சுற்றி வருவதுதான் என்று மடிப்புக்காரி சொன்னாள். அவள் துணியைச் சொன்னாள்.

மூன்றாவது வாரம் சொல்லிவைத்தாற்போல் மேலே வந்துவிட்டது. அதே வாரம் தங்கை மகளிடமிருந்து போனும் வந்தது. சின்னதில் ஒரு பிடி இருப்பாள் என்பதால் அவளைப் பொடிசு என்று கூப்பிடுவார்கள். இப்போது பெரியம்மாவை விட ஒரு சாண் உயரம்; பெயர் மட்டும் வளரவில்லை. அப்பாவோடு வேறு ஊரில் இருந்து படித்தாள்.

"பெரியம்மா, திங்கக்கிழமை எனக்கு வேலைக்கு இன்டர்வியூ. நல்லதா ஒண்ணு எடுக்கணும். உங்க கடைக்குத்தான் வரப்போறேன்."

"இங்க எதுக்குடி? கூட்டமா இருக்கும். வேற கடை..."

"உங்க கடைக்குத்தான் வருவேன்" என்றாள் பொடிசு. பிறகு, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

என்ன கேட்பாள் என்று பெரியம்மாவுக்குத் தெரியும். டாக்டரிடம் சொன்ன அதே பொய்யை, அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேராக, அதே இடத்தில் நின்று இன்னொரு தரம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இருக்கிற ஒரே ரத்த உறவும் போகும்.

பொடிசு வந்த அன்று மத்தியான இடைவேளையில் இருவரும் கீழ்த்தளத்தில் கண்ணாடிக்கு முன் நின்றார்கள். பொடிசு மடித்த விலைச்சீட்டைக் கண்ணாடியின் பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "அய்யோ, இன்டர்வியூ பண்றவருக்கே இந்தச் சம்பளம் இருக்காது" என்றாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள். "அம்மா கூப்பிடவே இல்லையா பெரியம்மா?"

"அதான் அப்பவே சொன்னேனே."

"இல்ல. அம்மாவுக்குச் சுண்டு விரல்ல முள்ளு குத்தினா கூட உங்களைத்தானே கூப்பிடுவாங்க. அப்பா பக்கத்துலயே இருப்பார், அவரைக் கூப்பிட மாட்டாங்க. அதான் கேட்டேன்."

"மணியாச்சு. மேல போகணும்" என்றாள் பெரியம்மா.

அரை மணி நேரம் கழித்துப் பொடிசு டிரையல் ரூம் வாசலில் வந்து நின்றாள். கையில் ஐந்து துணி. மேலாக இருந்தது மயில் பச்சைக் கவுன், எம் அளவு. அம்மாவின் அளவு. பெரியம்மாவுக்கு அளந்து பார்க்க வேண்டியதில்லை.

"நாலுதான் விடுவோம்."

"மேடம், ஒண்ணே ஒண்ணு மேடம்" என்று மூக்கை நிமிர்த்தினாள் பொடிசு. அம்மா வீட்டில் நடித்துக் காட்டியதைப் பிள்ளை மறக்கவில்லை. 

"அந்தப் பச்சையை வெச்சுட்டுப் போ. உனக்கு அது ஒத்து வராது."

"அதை விட்டுட்டு மத்த நாலையும் வேணா வெச்சுக்கோங்க" என்று சொல்லி கோட்டு ஒன்றை மேசைமேல் போட்டுவிட்டு, நாலாம் நம்பர் டோக்கனைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஏழு மட்டும்தான் காலி.

வரிசையில் ஒன்பது பேர். சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மூன்று உள்ளே. இரண்டு வெளியே. கை எண்ணியது, காது ஏழாம் திரையில் இருந்தது.

"பெரியம்மா."

ஒரு பெண் டோக்கனை நீட்டிக்கொண்டு நின்றாள். இவள் வாங்கவில்லை.

"பெரியம்மா, கொஞ்சம் வாங்களேன்."

நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. டோக்கன் பெட்டி கவிழ்ந்து அட்டைகள் தரையெல்லாம் சிதறின. "அக்கா! எங்க போறீங்க, வரிசை நிக்குது" என்றார் சூப்பர்வைசர். "என் தங்கச்சி கூப்பிடுறா" என்று அவள் சொன்னது மூன்றாம் மாடி முழுக்கக் கேட்டது. திரையைப் பிடித்து இழுத்த வேகத்தில் இரண்டு வளையங்கள் தெறித்து விழுந்தன.

பொடிசு மயில் பச்சையில் நின்றிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. வலது கையை முன்னால் நீட்டினாள். "இந்தக் கைப் பட்டன் வரமாட்டேங்குது" என்றாள்.

பெரியம்மா அந்தக் கையைப் பார்த்தாள். நீட்டிய கை. மூன்று பட்டன், நடுவில் ஒன்று. சின்னவள் முதலில் கூப்பிட்டது இதற்குத்தானா? ஓயாமல் நீட்டிய அந்தக் கையைத்தான் நீட்டினாளா? யாரும் வராததால் தானே போட்டுப் பார்த்து, விரல் கேட்காமல், நூல் அறுகிற அளவுக்கு இழுத்தாளா? பிறகு தனியாகக் கழற்றி, ஒழுங்காக ஹேங்கரில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாளா? கேட்க ஆள் இல்லை.

அவள் மண்டியிட்டு முதல் பட்டனைப் போட்டாள். "உங்கம்மா கூப்பிட்டா" என்றாள்.

பொடிசின் கை அசையவில்லை.

"மூணு தடவை கூப்பிட்டா. நான் போகல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பெரியம்மா நிமிராமல், பதினொரு வருஷத்துக்கு முந்திய கடைக் குரலிலேயே சொன்னாள். "மேடம், கொஞ்சம் பொறுங்க."

வெளியே மடிப்புக்காரி வரிசையை அதட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் மேசைக்கு வந்திருக்க வேண்டும். உள்ளே இரண்டு பேரும் கண்ணாடியில் நாலு பேராக இருந்தார்கள். பொடிசின் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவும் பெரியம்மாவுக்குத் துணிவில்லை.

"மிச்சப் பட்டனையும் போடுங்க" என்றாள் பொடிசு. குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

போட்டாள். பொடிசு கண்ணாடியில் தன் இரண்டு மணிக்கட்டையும் பார்த்தாள். பிறகு, "கழட்டணும். வெளிய இருங்க" என்றாள்.

நாலு துணியும் திரும்பி வந்தன. ஒன்றும் எடுக்கவில்லை. டோக்கனை மேசைமேல் வைத்தாள். "அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன். ஞாயித்துக்கிழமை வந்து சொல்றேன்."

 பொடிசு நகரும் படி வரைக்கும் போனாள். படியில் கால் வைத்த பிறகு, திரும்பாமலே, "வரேன் பெரியம்மா" என்றாள். தலை மெதுவாகக் கீழே இறங்கி மறைந்தது.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையாக்கா? அது தங்கச்சியா, தங்கச்சி மகளா? விதி தெரியும்தானே?" என்றார் சூப்பர்வைசர்.

"தெரியும் சார். எழுதிக்கோங்க" என்றாள்.

வரிசையில் அடுத்து நின்றவள் ஐந்து துணி வைத்திருந்தாள். பலகையைப் பார்த்து, எதை விடுவது என்று தடுமாறிக்கொண்டிருந்தாள். டோக்கன் அக்கா கைப்பையைத் திறந்து, மூலை தேய்ந்த ஐந்தாம் நம்பர் அட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

"நாலுதானேக்கா?" என்றாள் மடிப்புக்காரி.

"யார் சொன்னது? அந்தப் பலகையைக் கழட்டு."

ஐந்து துணிக்காரி ஐந்தும் சரியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அட்டையும் திரும்பி வந்தது. நாலு மணி வாக்கில் கூட்டம் வடிந்தது. எட்டு அறையும் காலி. எட்டுத் திரையும் விலகித்தான் இருந்தன. மடிப்புக்காரி சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். டோக்கன் அக்கா தரையில் மிச்சமிருந்த அட்டைகளைப் பொறுக்கி நம்பர் வாரியாக அடுக்கினாள். ஐந்தை நாலுக்குப் பக்கத்தில் வைத்தபோது குரல் கேட்டது.

"அக்கா, கொஞ்சம் வாயேன்."

மடிப்புக்காரி தலை தூக்கவில்லை. டோக்கன் அக்கா எழுந்தாள். அவசரப்படாமல், அட்டையைக் கீழே வைத்துவிட்டு, ஏழாம் அறைக்குப் போனாள். முக்காலி இருந்தது. கண்ணாடியில் அவள் மட்டும் இருந்தாள். கொக்கியில் வெறும் ஹேங்கர் ஒன்று லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அவள் முக்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, கையை நீட்டினாள்.

"வந்துட்டேன்டி. கையைக் காட்டு" என்றாள்.